ஆணி வரிசை

மார்கழி பதினொன்று.
காரணம்பேட்டையில் இன்னும் முழுசாய் விடியவில்லை.
ஓ.ஈ. மில்லின் காத்தாடி
ராத்திரியெல்லாம் ஊதித் தள்ளியது
எங்கள் கூரைமேல் வந்து படுத்திருக்கிறது,
பனி குடித்து, கனத்து,
நனைந்த கம்பளியாக.

பஞ்சுக்கு எடை இல்லை என்பது
உலர்ந்த பஞ்சைப் பற்றிய பேச்சு.

ஒன்பது மணிவரை ஏறக் கூடாது.
ஈரச் சீட்டில் செருப்பும் வழுக்கும், வெறுங்காலும் வழுக்கும்.
அதுவரை
மெயினை இறக்கிவைத்தேன்,
சர்வீஸ் ஒயர் கூரைக்கு ஒரு முழம் மேலேதான் போகிறது.
கோழிகளை அடைத்தேன்.
இறவாரத்துக்குக் கீழே யாரும் வந்து நிற்காதபடி
பைக்கைக் குறுக்கே போட்டேன்.
அவருடைய பழைய பேண்ட்டை மாட்டி
சாக்குக் கயிற்றால் இறுக்கினேன்.

போன மார்கழியில் இதே வேலைக்கு
தெய்வசிகாமணி ஏறினார்.
பனி காயுமுன் ஏறினார்.
கயிறு எதுக்கு, என்னமோ கோபுரத்துலயா ஏறறேன் என்றார்.
ரெண்டு தரம் அறுத்து
இடுப்பில் இப்போது ஒரு தகடும் ஆறு திருகும்.
ஆஸ்பத்திரி பில்லை நகைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.
அதில் வைக்க வேறொன்றும் இல்லை.

பல்வந்த் வந்தான்,
நைட் சிப்ட் முடித்து, புருவமெல்லாம் வெள்ளையாக.
இமயமலைப் பக்கம் ஏதோ ஊர்.
கயிற்றை முகட்டுக்கு அந்தப்புறம் வீசி
வேப்பமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி
நுனியைத் தன் கையில் பிடித்துக்கொண்டான்.
"எங்க வீட்லயும் இப்படித்தான் அக்கா.
சீட்டு தெரியச் சுரண்ட வேணாம், கொஞ்சம் விடு.
ஒரே பக்கம் எடுக்காத, ரெண்டு பக்கமும் எடு.
ஆனா அது உருகும்."
அண்ணாந்து காத்தாடியைப் பார்த்தான்.
"அதுக்கு ஓனர் கிடையாது."

இதற்கு உண்டு.
தீபாவளிக்கு ஒரு கிலோ மிக்சர் கொடுத்தனுப்புவார்.

ஏணி கூரையைத் தாண்டி மூன்று படி நிற்க வேண்டும்.
நின்றது.
பலகையை முன்னே தள்ளி, முழங்காலில் ஊர்ந்து,
ஆணி வரிசையை விடாமல் போனேன்.
அடியில் சட்டம் ஓடுகிற இடம் அது.
மற்றதெல்லாம் அப்பளம்.

உள்ளே கட்டிலிலிருந்து சத்தம் வந்தது:
"ஏம்புள்ள, இடப்பக்கம் போவாத.
அந்தச் சீட்டு நறநறங்குது."
"செரிங்க."
"கால மாத்தி வெய்யி. இப்ப எம்மேல நிக்கற."
"செரிங்க."
என் எடையை அவர் காதால் அறிந்துவைத்திருக்கிறார்.

ரப்பர் வைப்பரால் இழுக்க இழுக்க
பாயாகச் சுருண்டு வந்தது.
சுருளுக்குள்
கோழி எலும்பு, பட்டத்து வால்,
காய்ந்த பல்லி ஒன்று, யாருடைய பேனா மூடியோ.
துண்டை மூக்கில் கட்டியும்
நாக்கில் நூல் ருசி.
பதினேழு சாக்கு.
பல்வந்த் ஒரு சாக்கை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து
பேசாமல் இறக்கிவைத்தான்.

கடைசியாக அந்த இடம்.

அவர் விழுந்த ஓட்டைக்கு
மேஸ்திரி மிச்சம் வைத்திருந்த பைபர் சீட்டைப் போட்டிருந்தோம்,
வெளிச்சம் விடுகிற வகை.
பஞ்சு மூடிவிட்டால்
அதுவும் கூரை மாதிரியேதான் இருக்கும்.
அதுதான் அதன் பொல்லாப்பு.
பலகையில் குப்புறப் படுத்து
எட்டினவரை கையை நீட்டி இழுத்தேன்.
வெள்ளை கிழிந்தது.

கீழே
வாக்கர், மூத்திரக் குடுவை, மடிக்காத போர்வை,
ஐப்பசியிலிருந்து வெயில் படாத ஒரு முகம்.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.
அவர் போன வழியாகவே
நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
என்னமோ சொல்லப்போகிறார் என்று இருந்தேன்.

"கொஞ்சம் தள்ளு புள்ள," என்றார்.
"வெய்யல மறைக்கிற."

இடுப்பில் கயிறு ஒரு தரம் சுண்டியது: இருக்கிறாயா.
நானும் ஒரு தரம் சுண்டினேன்.
அப்புறம் தள்ளிப் படுத்தேன்,
ஆணி வரிசையோடு.